அப்பாவின் அம்பாசடரை என்ன செய்வது?

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். எட்டு மாதத்துக்கு முன் அப்பா தவறிவிட்டார். 1988-ல் அவர் புதிதாக வாங்கிய பெட்ரோல் அம்பாசடர் காரைக்குடி வீட்டு ஷெட்டில் ஆறு வருடமாக ஓடாமல் நிற்கிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் உங்களுக்கு மூன்று யோசனை. வண்டியைச் சரிசெய்து, அப்பா உங்களையெல்லாம் கூட்டிப்போன ராமேஸ்வரம் பாதையில் அம்மாவை ஒரு முறையாவது கூட்டிப்போகலாமா? பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா? இல்லை, அப்பா பெயரில் ஊர் முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிடலாமா? "எது லாபம்" என்று முடித்திருக்கிறீர்கள். லாபம் மட்டும் பார்ப்பவர் அப்பாவின் பெட்ரோல் கணக்கு நோட்டைப் பற்றி அவ்வளவு எழுத மாட்டார். தேதி, லிட்டர், மீட்டரில் ஓடிய கிலோமீட்டர் என்று முப்பது வருடம் அவர் கைப்பட எழுதிய நோட்டு இன்னும் டேஷ்போர்டில் இருக்கிறது என்கிறீர்கள். வண்டியை விட்டால் அவரையே விட்ட மாதிரி ஆகிவிடுமோ என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

திருச்சி பாலக்கரைப் பக்கம் ஒரு பட்டறையில் 1990-ல் கையாளாகச் சேர்ந்தேன். பிறகு சொந்தப் பட்டறை போட்டு இன்றுவரை இதே வேலைதான். அம்பாசடர், பத்மினி, சில ஹெரால்டு வண்டிகள் என்று கழற்றிப் பூட்டியது நிறைய. ஆகவே வண்டியைப் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். ஆர்.டி.ஓ. ஆபீஸ் விஷயம், வாடிக்கையாளர்களோடு அலைந்து கற்றுக்கொண்டது. நான் வக்கீல் இல்லை. உங்கள் வண்டியைக் கண்ணால் பார்க்காததால் செலவுக் கணக்கை உத்தேசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் முதலில் இன்ஜினைக் கேட்பார்கள். அம்பாசடரில் முதலில் பார்க்க வேண்டியது துரு. அந்த 1489 சி.சி. இன்ஜினை எந்த நிலையிலிருந்தும் மீட்டுவிடலாம். சிலிண்டரைக் கடைந்து (போர் செய்து) பிஸ்டன் மாற்றிக் கட்டுவதற்கு ஆளும் இருக்கிறார்கள், பொருளும் கிடைக்கிறது. ஆனால் இந்த வண்டிக்குத் தனியாகச் சேசிஸ் என்ற அடிச்சட்டம் கிடையாது, பாடியே சேசிஸ். அடிப்பாகம் அரித்துவிட்டால் எலும்பு போன மாதிரி. காரைக்குடி கடலோரம் இல்லை என்பது நல்லது. ஆனால் வருடா வருடம் ராமேஸ்வரம் போய் வந்த வண்டி என்கிறீர்கள். உப்புக் காற்று வாங்கியிருக்கும். தரை விரிப்பைத் தூக்கிவிட்டு டிரைவர் கால் வைக்கும் இடம், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பகுதி, ஜாக்கி வைக்கும் இடம், பின்னால் பட்டை ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடம், பேட்டரித் தட்டுக்கு அடி, டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் பள்ளம், இத்தனையையும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். மேலே பொரிந்து உள்ளே டங்கென்று கேட்டால் பயமில்லை. முனை உள்ளே போனால் அந்த இடத்தைச் சுண்டுவிரல் அகலமா, உள்ளங்கை அகலமா என்று குறித்துக்கொள்ளுங்கள். பட்டை ஸ்பிரிங் பிடிக்கும் இடத்திலும் ஜாக்கி இடத்திலும் உள்ளங்கை அளவு போயிருந்தால் இந்த வண்டியில் அம்மாவை உட்கார வைக்காதீர்கள். மற்ற இடமென்றால் தகடு வெட்டி வைத்து வெல்டிங் அடித்துவிடலாம். பட்டி பூசி மறைத்துப் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கே கொடுக்காதீர்கள். அடியில் அரிப்பது நிற்காது, இரண்டே மழையில் பட்டி உப்பி வந்துவிடும்.

அடுத்து, ஆர்வத்தில் பேட்டரி வாங்கிப் போட்டுச் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். சில வருடம் முன் என்னிடம் வந்த ஒருவர் உங்களைப் போலவே அப்பா வண்டியை ஐந்து வருடம் கழித்து எடுத்தார். பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் செய்திருக்கிறார். சிலிண்டர் சுவரில் துருவோடு ஒட்டியிருந்த ரிங் ஒடிந்து, சுவர் முழுக்கக் கோடு விழுந்துவிட்டது. ஒரு வாரம் பொறுத்திருந்தால் சில ஆயிரத்தில் முடிந்திருக்கும் வேலை, முழு இன்ஜின் வேலையாகிவிட்டது. டேங்கில் மிச்சமிருக்கும் பெட்ரோலும் இப்போது பெட்ரோல் இல்லை. மூடியைத் திறந்து மோந்து பாருங்கள், வார்னிஷ் வாடை அடிக்கும். அடியில் தேன் மாதிரி பழுப்பாகப் பிசின் தங்கியிருக்கும். அது கார்புரேட்டருக்குப் போனால் ஜெட் அடைத்துக்கொள்ளும். டேங்கை இறக்கிக் கழுவியே ஆக வேண்டும். ஏர் கிளீனருக்குள் எலிக் கூடும், ஒயரில் எலிப் பல்லும் இருக்க நிறைய வாய்ப்பு. ஷெட்டில் நின்ற வண்டிகளில் பாதிக்கு மேல் அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

இன்றைய பெட்ரோல் இதற்கு ஒத்துவருமா என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. இதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. ஒன்று ஈயம். இந்த வண்டி வந்த காலத்தில் பெட்ரோலில் ஈயம் இருந்தது, 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க எடுத்துவிட்டார்கள். அந்த ஈயம் எக்ஸாஸ்ட் வால்வ் உட்காரும் இடத்துக்கு ஒரு மெத்தை மாதிரி இருந்தது. அது இல்லாமல் வேகமாக, வெகுதூரம் ஓட்டினால் வால்வ் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும், வால்வைத் தள்ளும் டேப்பட்டின் இடைவெளி குறையும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் எப்போதாவது ஓட்டும் வண்டிக்கு இது பெரிய கவலை இல்லை. இன்ஜின் ஹெட்டை எப்போதாவது கழற்ற நேர்ந்தால் கடினமான வால்வ் சீட் போட்டுக்கொள்ளுங்கள், இதற்காகவென்று கழற்ற வேண்டாம். இரண்டாவது எத்தனால். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸ், டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் ஏ.சி. பம்ப்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு, கார்புரேட்டர் கேஸ்கெட், இவையெல்லாம் அதில் ஊறி உப்பும் அல்லது வெடிக்கும். ஹோஸ் வெடித்துச் சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனால் தாங்கும் ஹோஸாகக் கேட்டு மொத்தத்தையும் மாற்றுங்கள். சில நூறு ரூபாய் வேலைதான், இதில் கஞ்சத்தனம் கூடாது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் மாதக்கணக்கில் டேங்கில் தேங்கவும் விடாதீர்கள்.

பிரேக்கைப் பாதி மாற்றுவது என்ற பேச்சே இல்லை. மாஸ்டர் சிலிண்டர், நாலு சக்கரத்து வீல் சிலிண்டர், ஹோஸ், ஆயில், எல்லாம் புதிது. டயரில் நூல் தெரியவில்லை என்று ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1217 என்றால் 2017-ம் வருடம் பன்னிரண்டாம் வாரத்தில் செய்தது. அந்த வயசு டயர் ஹைவேயில் நிற்காது. 5.90-15 அளவு இன்றும் தேடினால் கிடைக்கிறது. முன்பக்கம் கிரீஸ் நிப்பிள் ஒவ்வொன்றிலும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை கிரீஸ் கன் அடிக்கச் சொல்லுங்கள். அம்பாசடர் கிரீஸில் வாழும் வண்டி. துரு குறைவாக இருந்தால், இன்ஜினைத் திறக்காமல், இத்தனைக்கும் சேர்த்து 70 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சம் ஆகும் என்பது என் உத்தேசம். தகடு வேலை, பெயிண்ட் என்று இறங்கினால் அதற்கு மேல் இன்னொரு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். அம்பாசடர் செய்த உத்தரப்பாரா தொழிற்சாலையில் 2014-லேயே தயாரிப்பு நின்றுவிட்டாலும் சாமானுக்குப் பஞ்சமில்லை. சென்னை புதுப்பேட்டையில் இல்லாதது கல்கத்தா மல்லிக் பஜாரில் இருக்கும்.

இப்போது பேப்பர். இதில்தான் உங்களுக்கு அலைச்சல். தனியார் காருக்கு ஆர்.சி. என்ற பதிவுச் சான்று முதல் 15 வருடம், பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 1988-லிருந்து கூட்டிப் பாருங்கள்: 2003, 2008, 2013, 2018, 2023. ஆக அப்பா 2018-ல் புதுப்பித்திருந்தாலும் 2023-ல் முடிந்துவிட்டது. அதைப் புதுப்பிக்குமுன் பெயர் மாற்ற வேண்டும். உரிமையாளர் இறந்தால் முப்பது நாளில் தகவல், மூன்று மாதத்தில் பெயர் மாற்றப் படிவம் 31 என்பது விதி. எட்டு மாதமாகிவிட்டதே என்று பயப்பட வேண்டாம், அபராதத்தோடு நடக்கும். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் கூடப்பிறந்தவர்களும் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டது, எல்லாம் வேண்டும். இன்னொன்று, உங்கள் வண்டி 1989 ஜூலைக்கு முந்தையது, பழைய மூன்றெழுத்து நம்பர். இந்த நம்பர்கள் பல இடத்தில் கம்ப்யூட்டரில் ஏறாமல் பழைய ரிஜிஸ்டரிலேயே இருக்கும். முதலில் ஒரிஜினல் ஆர்.சி. புத்தகத்தோடு போய் 'பேக்லாக் என்ட்ரி' ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள், அது இல்லாமல் ஆன்லைனில் ஒன்றும் நகராது. புதுப்பிக்கும் கட்டணம், 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டிலிருந்து பத்தாயிரம் ரூபாய். தாமதத்துக்கு மாதக் கணக்கில் தனி, பசுமை வரி தனி. இன்ஷூரன்ஸ், மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்தால் போதும். 1500 சி.சி.க்கு உட்பட்ட வண்டி என்பதால் 2022-ல் நிர்ணயித்தபடி 3,416 ரூபாயும் வரியும். பெங்களூருக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்தால் அங்கே மறுபதிவு, சாலை வரி என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். 'விண்டேஜ்' என்று பதியலாமே என்று உங்கள் நண்பர் சொன்னது இப்போதைக்கு நடக்காது. அதற்கு 50 வயது ஆக வேண்டும், உங்கள் வண்டிக்கு 2038. அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ராலி, பழுதுபார்ப்பு தவிர அன்றாடம் ஓட்டவும் முடியாது.

பழைய வண்டியைப் போலீஸ் பிடுங்கிக்கொள்ளும் என்று கேள்விப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். அது டெல்லியும் அதைச் சுற்றிய வட்டாரமும் சார்ந்த விவகாரம், பத்து வருட டீசல், பதினைந்து வருட பெட்ரோல் வண்டிகளுக்கு அங்கே போட்ட தடை. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காருக்கு அப்படி வயது வரம்பு இல்லை. தகுதியோடு இருந்து ஆர்.சி. புதுப்பித்தால் ஓட்டலாம்.

இரும்புக்குப் போடுவதென்றாலும் எடைக்கு எடுக்கும் ஆளிடம் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். பதிவுபெற்ற உடைப்பு நிலையத்தில் கொடுத்தால் 'டெபாசிட் சான்றிதழ்' தருவார்கள். அதை வைத்து ஆர்.சி.யை ரத்து செய்யலாம். பிற்பாடு புது வண்டி வாங்கினால் சாலை வரியில் 25 சதவீதம்வரை சலுகை தர மத்திய விதியில் இடமிருக்கிறது. இதைச் செய்யாவிட்டால் உங்கள் அப்பா வண்டியின் சேசிஸ் நம்பர் வேறு எங்கோ, வேறு வண்டியின் உடம்பில் ஓடும். விற்றாலும் இதே எச்சரிக்கை. விற்பனைக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கிக்கொண்டு "பெயர் மாற்றம் நான் பார்த்துக்கறேன் சார்" என்று புரோக்கர் போய்விடுவார். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கும் யோசனைக்கு வருகிறேன். இதைத்தான் நான் அதிகம் யோசித்தேன். உங்கள் மனசு நல்ல மனசு, ஆனால் கொடுக்காதீர்கள். பக்கத்து ஊரில் ஒரு இல்லத்துக்கு ஒருவர் பழைய வேன் ஒன்றை மாலை போட்டு, போட்டோ எடுத்துக் கொடுத்தார். அதைப் பல வருடம் நான்தான் பழுது பார்த்தேன். வண்டி கெட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் டிரைவர் சம்பளம், இன்ஷூரன்ஸ், எஃப்.சி., மாசாமாசம் ஏதாவது ஒரு சாமான். அந்த இல்லத்தை நடத்திய அம்மா ஒரு நாள் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, "இது ரெண்டு பேரோட ஒரு மாச மருந்துக் காசு தம்பி" என்றார்கள். நான் கூலியை விட்டுக்கொடுத்தேன், சாமான் காசை என்ன செய்வது? கடைசியில் வேனை விற்றார்கள். கொடுத்தவர் மனம் வருந்துமே என்று அதற்கும் ஒரு வருடம் தயங்கினார்கள். அந்த வேனைவிட வயதான வண்டி உங்களுடையது. இடுப்பு எலும்பு தேய்ந்த பாட்டியை அதில் ஏற்றி இறக்குவதும் லேசில்லை. யாருக்கு என்ன தேவை என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். நேரில் போய், "மாசத்தில் எத்தனை தடவை ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்கள், எப்படிப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். ஆட்டோவில் என்றால் அந்த ஆட்டோக் காசை மாதாமாதம் அப்பா பெயரில் நீங்கள் கட்டுங்கள். ஒரு அம்பாசடர் செய்ய நினைத்த உதவியை அது செய்துவிடும்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை அன்று இல்லங்களில் சாப்பாடு போட மூன்று நாலு பேர் வரிசையில் நிற்பார்கள், சோறு மிஞ்சும். அதற்கு அடுத்த புதன்கிழமை பெரியவர்களுக்கான டயப்பர் தீர்ந்துபோய்க் கடையில் கடன் சொல்வார்கள். அப்பா திதிக்குச் சாப்பாடு போடுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? கூடவே யாரும் வராத ஒரு மாதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பணத்தை வங்கி வழியாக அனுப்பி, வரிச்சலுகை பதிவு உள்ள நிறுவனமா என்று பார்த்துச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். 80ஜி என்று எல்லோரும் சொல்லும் அந்தச் சலுகை பணமாகக் கொடுத்தால் மட்டும்தான், ரொக்கமென்றால் 2,000 ரூபாய்வரைதான். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. காராகக் கொடுத்தால் ஒரு பைசா கழிவு கிடையாது.

ஆகவே என் யோசனை இது. அடிப்பாகத்தில் துரு நான் சொன்ன அளவுக்குள் இருந்தால் வண்டியை உங்களுக்காக, அம்மாவுக்காக வைத்துக்கொள்ளுங்கள். தர்மத்தைத் தனியாகச் செய்யுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் இரண்டும் நடக்காது. வைத்துக்கொள்வதென்றால் ஊரில் நம்பகமான ஒருவர் வாரம் ஒருமுறை இருபது கிலோமீட்டர் ஓட்ட வேண்டும், ஷெட்டில் நிறுத்தியபடி உறுமவிடுவது ஓட்டுவதாகாது. அப்படி ஆள் இல்லை, நீங்களும் வருடத்துக்கு ஒருமுறைதான் வருவீர்கள் என்றால் ராமேஸ்வரம் பயணம் முடிந்தபின், ஓட்டிப் பராமரிக்கும் ஒருவருக்குப் பெயர் மாற்றி விற்றுவிடுங்கள். ஓடும் நிலையில் இருக்கும் அம்பாசடருக்கு ஆசைப்பட்டு வாங்க இன்னும் ஆள் இருக்கிறார்கள். துரு எலும்பைத் தொட்டிருந்தால் சான்றிதழோடு உடைக்கக் கொடுங்கள். அதில் குற்ற உணர்வு வேண்டாம். நோட்டும் ஸ்டீயரிங் வீலும் வீட்டுக்கு வரட்டும்.

பயணத்துக்கு ஆடியைவிடத் தை நல்லது. ஆடி வெயிலில் ஏ.சி. பம்ப் சூடாகி, பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுபோகும். அப்பா வழியில் நிறுத்திப் பம்ப்மேல் ஈரத் துணி போட்டது நினைவிருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அது இதற்குத்தான். தையில் அந்தத் தொல்லை குறைவு. காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, ராமநாதபுரம் வழியாக ஏறத்தாழ 150 கிலோமீட்டர். விடியற்காலம் கிளம்பி, அறுபதைத் தாண்டாமல், நடுவில் ஒருமுறை அரைமணி நிறுத்தி, சக்கரம் ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். ஒரு பிரேக் டிரம் மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. பாம்பன் சாலைப் பாலம் திறந்தது 1988 அக்டோபர் 2, உங்கள் வண்டி வந்த அதே வருடம். அதற்குமுன் ராமேஸ்வரத்துக்குக் கார் போகச் சாலையே கிடையாது. பாலம் திறந்ததும்தான் அப்பா வண்டி வாங்கினாரா என்று அம்மாவைக் கேளுங்கள், நோட்டின் முதல் பக்கத்திலேயே பதில் இருக்கலாம். தனுஷ்கோடி முனைவரை இந்த வண்டியை விட வேண்டாம், மணலும் உப்பும் அதிகம். திரும்பி வந்த அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள்.

இப்போதைக்கு, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இதை மட்டும் செய்யுங்கள். நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் ஊற்றி, துணியால் மூடி இரண்டு நாள் விடுங்கள். பிறகு நியூட்ரலில் வைத்து, முன் பம்பர் துளை வழியாக ஸ்டார்ட்டிங் ஹேண்டிலை மாட்டி, மெதுவாகக் கையால் சுற்றிப் பாருங்கள். ஹேண்டில் டிக்கியில் ஜாக்கியோடு கிடக்கும். சுற்றினால் எவ்வளவு லேசாகச் சுற்றுகிறது, சுற்றாவிட்டால் எங்கே பிடிக்கிறது, அந்த ஸ்க்ரூ டிரைவர் எந்தெந்த இடத்தில் உள்ளே போனது என்று எழுதுங்கள். அடிப்பாகத்தையும் போட்டோ எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.